பழைய காருக்கு நியாய விலை என்ன?

ஒரு படி அரிசிக்கு விலை உண்டு. ஒரு முழம் கதம்பத்துக்கும் விலை உண்டு. கடைக்குக் கடை ஓரிரு ரூபாய் கூடும், குறையும், அவ்வளவே. ஆனால் ஆறு ஆண்டுகள் ஓடிய ஒரு மோட்டார் காருக்கு என்ன விலை? அது எந்தக் கடையிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. விற்பவர் ஒன்று சொல்வார்; வாங்குபவர் ஒன்று கேட்பார்; நடுவில் நிற்கும் புரோக்கர் இருவரிடமும் வேறொன்று சொல்வார். இம்மூன்றில் எது நியாயமானது? இதனைக் கணக்குப் போட்டு அறிய முடியுமா? முடியும் என்பதே என் அனுபவம். சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டுக் காரை விற்றபோது கற்றுக் கொண்டதை என் தோழியருக்கும், நம் பெற்றோருக்கும் பயன்படும் என்றெண்ணி இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மயிலம். எங்களுடையது நான்கு கதவும் பின்னால் டிக்கியும் கொண்ட பெட்ரோல் கார். 2019-ஆம் ஆண்டு வாங்கியது. அக்காளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரிப் பணமும் விடுதிப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டிய நாள் நெருங்கியபோது, காரை விற்பதென்று அப்பா முடிவு செய்தார். “நாலரை லட்சத்துக்குக் குறைஞ்சு குடுக்கக் கூடாது” என்றார். திண்டிவனத்திலிருந்து வந்த புரோக்கரோ வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, “ரெண்டு அறுபது” என்றார். இரண்டுக்கும் நடுவே 1,90,000 ரூபாய் இடைவெளி! “நீதான் வணிகவியல் படிக்கிறாயே, போட்டுச் சொல்லு பாப்பா” என்று அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

வாங்கிய விலை கணக்கில் சேராது

அப்பாவின் நாலரை லட்சம் எங்கிருந்து வந்தது? 2019-ல் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்துக்கு மேல் கொடுத்தோம். அதில் பாதிக்குச் சற்று அதிகம் என்பது அவர் கணக்கு. இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. நாம் அன்று என்ன கொடுத்தோம் என்பது வாங்குபவருக்கு ஒரு பொருட்டன்று. அதே வகைப் புதிய காரை இன்று என்ன விலைக்கு வாங்கலாம் என்பதையே அவர் பார்ப்பார்.

இதற்கு அண்மையிலேயே நல்ல சான்று ஒன்று கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது; அதன் மேல் இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கு மிகாமலும் இருந்தால் அது சிறிய கார். டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் முதலான டிக்கி வைத்த கார்கள் இந்த வரம்புக்குள் அடங்குவன. வரிச்சலுகை பெறுவதற்காகவே 2012-ல் டிசையர் காரின் நீளத்தை 4 மீட்டருக்குள் குறைத்து மறுபடி வடிவமைத்தார்கள். ஆகவே ஒரே நாளில் புதிய காரின் விலை இறங்கிற்று. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கித்தானே ஆகவேண்டும்? முதல் நாள் வாங்கியவருக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் கணக்கு இன்றைய புதுக் காரின் விலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்க, எங்கள் வகைப் புதிய காரின் இன்றைய ஷோரூம் விலை 7,00,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

தேய்மானத்துக்கு இரண்டு அளவுகோல்கள்

பதினோராம் வகுப்புக் கணக்குப் பதிவியலில் ‘குறைந்து செல் மதிப்பு முறை’ என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் முதல் விலையில் அல்ல, எஞ்சி நிற்கும் மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவிகிதத்தைக் கழிப்பதே இம்முறை. தொழிலுக்குப் பயன்படும் சொந்தக் காருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவிகிதம் இவ்வாறு கழிக்கப்படுகிறது. 7,00,000 ரூபாயிலிருந்து தொடங்கினால் முதல் ஆண்டு முடிவில் 5,95,000. இரண்டாம் ஆண்டில் 5,05,750. மூன்றாம் ஆண்டில் சுமார் 4,29,900. நான்காம் ஆண்டில் 3,65,400. ஐந்தாம் ஆண்டில் 3,10,600. ஆறாம் ஆண்டில் 2,64,000.

முதல் ஆண்டில் 1,05,000 ரூபாய் குறைந்தது. ஆறாம் ஆண்டில் 46,600 ரூபாய் மட்டுமே குறைந்தது. கார் இளமையில் வேகமாகவும், முதுமையில் மெதுவாகவும் மதிப்பிழக்கிறது. பழைய கார் வாங்குவோர் மூன்று, நான்கு ஆண்டு வண்டிகளை ஏன் தேடுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பெரிய இறக்கத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கனவே தாங்கிக் கொண்டுவிட்டார்.

இரண்டாவது அளவுகோல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுடையது. கார் திருட்டுப் போனால் எவ்வளவு தருவது என்பதற்கு அவர்கள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதன்படி வண்டியின் விலையில் ஆறு மாதம் வரை 5, ஓர் ஆண்டு வரை 15, இரண்டு ஆண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவிகிதம் கழிக்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். 7,00,000 ரூபாயில் பாதி 3,50,000.

இரண்டும் ஒரே எண்ணைத் தரவில்லை. எனினும் நமக்கு ஒரு வேலி கிடைத்துவிட்டது. அப்பாவின் 4,50,000 இந்த வேலிக்கு வெகு தூரம் வெளியே நிற்கிறது. புரோக்கர் சொன்ன 2,60,000 வேலியின் அடிக்கல்லுக்கும் கீழே கிடக்கிறது.

சந்தை என்ன சொல்கிறது?

அட்டவணை எல்லாக் கார்களையும் ஒன்றாகப் பாவிக்கும். சந்தை அப்படிப் பாவிப்பதில்லை. எந்த ஊரிலும் பழுது பார்க்கக்கூடிய, உதிரிபாகம் எளிதில் கிடைக்கக்கூடிய காருக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். மேலும், ஆயுள் வரி கட்டி முடிந்த வண்டி என்பதும் விலையில் சேரும். ஆகவே திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களிலும் எங்கள் காரைப் போன்றே, அதே ஆண்டைச் சேர்ந்த, அதே வகை ஐந்து கார்களுக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதினேன்: 3,40,000, 3,65,000, 3,80,000, 3,95,000, 4,90,000.

இவற்றின் சராசரி 3,94,000. ஆனால் ஐந்தாவது கார் மிகக் குறைவாக ஓடியது. அந்த ஒன்று சராசரியை மேலே இழுத்துவிட்டது. இத்தகைய இடத்தில் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பதே சரி என்று எங்கள் கணக்கு ஆசிரியை கற்பித்திருக்கிறார். அதுதான் இடைநிலை: 3,80,000. இது கேட்கும் விலையே அன்றி முடியும் விலை அன்று. பேரத்துக்காக 5 சதவிகிதம், அதாவது 19,000 ரூபாய் கழித்தேன். எஞ்சியது 3,61,000. இதனையே அடிப்படை விலையாகக் கொண்டேன்.

வியாபாரியிடம் வாங்கினால் ஏன் விலை சற்றுக் கூடுகிறது என்றும் சிலர் கேட்கக்கூடும். வியாபாரி வண்டியைத் திருத்தி, இடம் கொடுத்து, விற்கும் வரை முதலை முடக்கி வைக்கிறார். அன்றியும், பதிவு பெற்ற வியாபாரி தாம் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது 18 சதவிகிதம் வரி கட்ட வேண்டும். சொந்தக் காரைத் தனி மனிதர் விற்றால் இந்த வரி இல்லை. ஆகையால் இரு வீட்டார் நேரில் பேசி முடித்தால் இருவருக்குமே சிறிது மிச்சம்.

சந்தை விலை எல்லாம் நியாய விலையா?

“சந்தை விலையே நியாய விலை என்று சொல்லிவிடலாமா தாத்தா?” என்று கேட்டேன். தாத்தா சிரித்தார். அவர் இளமைக் காலத்தில் நம் நாட்டில் பெரும்பாலும் மூன்றே கார்கள்: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் நேற்று டெலிவரி எடுத்த கார் இன்று கம்பெனி விலையைவிட அதிக விலைக்குக் கைமாறியது. பழையது புதியதைவிட விலை கூடியது! பொருள் குறைந்து, கேட்போர் மிகுந்தால் சந்தை இப்படியும் பேசும்.

1969-ல் மத்திய அரசு இம்மூன்று கார்களின் விற்பனை விலையை ஆணை மூலம் கட்டுப்படுத்தியது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். செய்யும் செலவு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு ஆதாயம் தகும் என்றெல்லாம் ஆராய்ந்து 1971-ல் தீர்ப்பு வந்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஒரு காரின் நியாய விலை என்ன என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் பார்க்க நேர்ந்தது! 1983-ல் மாருதி வந்த பிறகும், 1990-களில் பல கம்பெனிகள் வந்த பிறகுமே காத்திருப்போர் வரிசை கரைந்தது.

இதிலிருந்து நான் அறிந்தது இது: சந்தை ஒரு சாட்சி, நல்ல சாட்சி. ஆனால் அதுவே நீதிபதி அன்று.

நம் வண்டிக்கு உரிய கழிவும் கூட்டலும்

அடிப்படை விலை என்பது சராசரியாகத் தேய்ந்த காருக்கு உரியது. ஆகவே நம் வண்டி சராசரியைவிடக் கெட்டிருந்தால் மட்டுமே கழிக்க வேண்டும். சிறந்திருந்தால் கூட்ட வேண்டும். பலர் இங்கே இருமுறை கழித்து விற்பவருக்கு அநியாயம் செய்கிறார்கள். மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஓட்டம்: ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் வீதம் ஆறு ஆண்டுக்கு 72,000 என்று கொண்டோம். எங்கள் கார் ஓடியது 84,000. அதிகப்படி 12,000 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று 12,000 ரூபாய் கழிவு.

டயர்: நான்கும் மாற்ற வேண்டிய நிலை. புதியவை 20,000 ரூபாய். சராசரிக் காரில் பாதித் தேய்ந்த டயர் இருக்கும். ஆகவே பாதி மட்டும், 10,000 ரூபாய் கழிவு.

கிளட்ச்: ஏற்றத்தில் வழுக்குகிறது. மாற்றக் கூலியுடன் 12,000 ரூபாய். இது முழுக் கழிவு.

பாட்டரி: நான்கு மாதத்துக்கு முன் புதிதாகப் போட்டது. 2,000 ரூபாய் கூட்டல்.

ஏடுகள்: ஒரே சொந்தக்காரர், ஆறு ஆண்டு சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறார். மீட்டரைத் திருப்பி வைத்து ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று இக்காலத்தில் உண்டு. ஒவ்வொரு ரசீதிலும் அன்றைய கிலோமீட்டர் பதிவாகியிருப்பதால் ரசீதுக் கட்டே சாட்சி. இதற்கு 8,000 ரூபாய் கூட்டல்.

3,61,000 ரூபாயில் கழிவு 34,000, கூட்டல் 10,000. விடை 3,37,000 ரூபாய்.

காகிதங்களின் விலை

இரும்புக்கு மட்டுமன்று, காகிதத்துக்கும் விலை உண்டு. திண்டிவனத்துப் பதிவு டி.என். 16, விழுப்புரம் டி.என். 32. ஆனால் நம் பக்கத்துச் சாலைகளில் பி.ஒய். 01 என்ற புதுச்சேரி எண்ணும் மிகுதியாகக் காணப்படும். அத்தகைய காரை வாங்கி இங்கேயே வைத்துக் கொள்வதானால் புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டு வரி கட்டி, புதிய எண் வாங்க வேண்டும். வேற்று மாநில எண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருக்கச் சட்டம் இடந்தராது. அந்த வரியையும் அலைச்சலையும் விலையிலேயே கழித்துக் கேட்க வேண்டும். மலிவு என்று வாங்கிவிட்டுப் பின்னர் வருந்தலாகாது.

கடனில் வாங்கிய காரானால் பாங்கின் பெயர் ஆர்.சி.யில் இருக்கும். கடன் தீர்ந்த சான்றும், 35-ஆம் எண் படிவமும் இல்லாமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு ஆண்டுக் காரின் விலையில் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று கிடைக்கும் தள்ளுபடி மனிதருக்கு உரியது, வண்டிக்கு அன்று. அது வாங்குபவருக்கு மாறாது.

விற்பவர் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பதோடு கடமை முடியவில்லை. விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவரும் 30 நாட்களுக்குள் தெரிவித்துப் பெயர் மாற்றிக் கொள்ள வேண்டும். பல கைகள் மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகி நட்ட ஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. காசு வாங்கிக் கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது.

கண்ணுக்குத் தெரியாத குறை

கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடப் போனேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடிந்தபோது எங்கள் கார் நீரில் நின்றது. கால் வைக்கும் தளம் வரை தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அப்பா நல்லவேளையாகச் சாவியைத் திருப்பவில்லை. நீரில் நிற்கும் எஞ்சினை இயக்கினால் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி எஞ்சினே உடைந்து போகும். அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராவிட்டால் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் கிடைக்காது. நால்வர் தள்ளிக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்தினோம். பிறகு விரிப்புகளைக் கழற்றிக் காயவைத்து, ஒயர் இணைப்புகளைச் சுத்தம் செய்து, பிரேக்கையும் பார்த்தார்கள். அதன் பின் வண்டி நன்றாகவே ஓடியது.

“இதை எழுத வேண்டாமா அப்பா?” என்றேன்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. “கேட்டா சொல்லலாம். கேக்காததை நாமா எதுக்குச் சொல்லணும்? பத்து மாசமா நல்லாத்தானே ஓடுது?” என்றார். அவர் பொய் சொல்லுகிறவர் அல்லர். ஆனால் கட்ட வேண்டிய விடுதிப் பணம் அவர் கண்முன் நின்றது.

காரைக் கேட்டிருந்தவர்கள் கூட்டேரிப்பட்டுப் பக்கத்துக் குடும்பத்தினர். அந்த வீட்டு அம்மாளுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு முறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். அதற்காகவே கார் தேடினார்கள். இதை அறிந்திருந்த என் தாயார் சமையலறையிலிருந்தே கேட்டார்: “ஏங்க, அந்தம்மாவை வச்சிக்கிட்டு ஒயர் போயி வண்டி நடு ரோட்டுல நின்னா, நாம சோறு திங்க முடியுமா?”

அப்பா நோட்டை என் பக்கம் தள்ளினார். “எழுது” என்றார்.

எவ்வளவு கழிப்பது? மெக்கானிக்கைக் கேட்டோம். “நாலு வண்டியில ஒரு வண்டிக்குப் பின்னால ஒயரிங் கோளாறு வரலாம். வந்தா அறுபதாயிரம் வரைக்கும் ஆகும்” என்றார். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, 60,000 ரூபாய் செலவு. ஆகவே எதிர்பார்க்கும் இழப்பு 15,000 ரூபாய். நிகழ்தகவுப் பாடம் இப்படி வீட்டுக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை. அன்றியும், அவர்கள் நாளைக்கு விற்கும்போது அவர்களும் இதைச் சொல்லியாக வேண்டும். அதனால் விலை குறையும். அதற்காக 10,000. மொத்தம் 25,000 ரூபாய் கழிவு. 3,37,000 ரூபாய் 3,12,000 ஆயிற்று.

வாங்குவோருக்கும் இங்கே ஒரு குறிப்பு. வெள்ளத்தில் நின்ற காரை அறிய, சீட்டு பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கறை அடியில் ஒளிந்திருக்கும். சீட்டு நகரும் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு படிந்திருக்கிறதா, கண்ணாடிகளை ஏற்றி மூடி வைத்துத் திறந்தால் ஈர நாற்றம் வருகிறதா, முகப்பு விளக்குக்குள் நீர் கோத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எலுமிச்சம்பழமும் ஒற்றைக்கண் குதிரையும்

நம் ஊரில் கார் வாங்கினால் மயிலம் மலையடிவாரத்தில் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். நம் ஆலயங்களில் குருவானவர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். அமெரிக்காவிலோ, வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே கெட்டுப்போன காருக்கே எலுமிச்சை என்று பெயர்! ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர் 1970-ல் ‘எலுமிச்சைகளின் சந்தை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று இதழ்கள் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டன. அதே ஆய்வுக்காக 2001-ல் அவருக்கு வேறு இருவருடன் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு சந்தையில் நல்ல காரும் கெட்ட காரும் சரிபாதி. நல்லதன் மதிப்பு நான்கு லட்சம். கெட்டதன் மதிப்பு இரண்டு லட்சம். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பயந்துபோன அவர் நடுவாக மூன்று லட்சத்துக்கே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் மூன்று லட்சத்துக்கு ஏன் விற்கிறார்? அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார். கெட்ட கார் வைத்திருப்பவர் மட்டும் மகிழ்ச்சியோடு நிற்பார். கடைசியில் சந்தையில் எஞ்சுவது கெட்ட கார்களே. மறைக்கும் சிலரால், மறைக்காத பலரும் நட்டப்படுகிறார்கள். சர்வீஸ் ரசீதும், மெக்கானிக் சோதனையும், விற்பவரின் வாக்கும் இந்த இருட்டைப் போக்கும் விளக்குகள்.

இதே கேள்வியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில் ஆராய்ந்திருக்கிறார் என்று அருட்சகோதரி ஒருவர் எனக்கு எடுத்துக் காட்டினார். விற்பவர் பொருளின் குறையைச் சொல்லத்தான் வேண்டுமா? ஒற்றைக்கண் குதிரை போலக் குறை வெளிப்படையாக இருந்து, அதற்கேற்ப விலையும் குறைந்திருந்தால் வாய்திறந்து சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமானால் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. எங்கள் காரின் தேய்ந்த டயர் ஒற்றைக்கண் குதிரை. யாரும் பார்த்தே அறியலாம். தரைவிரிப்பின் கீழ் நின்ற புயல் வெள்ளம் அப்படிப்பட்டதன்று.

முடிந்த விலை

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அப்பா நோட்டுப் புத்தகத்தையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக் கொண்டு வரிவரியாகப் படித்தார். ‘வெள்ளம்’ என்ற வரியில் வெகுநேரம் நின்றார். பிறகு, “சார், நாலு வண்டி பாத்துட்டேன். எல்லாரும் வண்டி தங்கம்னாங்க. நீங்கதான் கொறையச் சொல்றீங்க. மூணு பத்துக்கு முடிச்சிக்கலாமா?” என்றார். அப்பா தலையசைத்தார். பேரம் அவ்வளவுதான். அப்பா எண்ணியிருந்த நாலரை லட்சத்துக்கு இது வெகு தூரம். புரோக்கர் கேட்டதைவிட 50,000 ரூபாய் அதிகம். விடுதிப் பணத்தில் குறைந்ததற்கு அம்மா தம் வளையல் ஒன்றை அடகு வைத்தார். மாதாமாதம் கட்டி இப்போது அது பாதி மீண்டிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அவர்களிடமிருந்து போன் வந்தது. டாஷ்போர்டில் ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது என்றார்கள். முன்பே தெரிந்திருந்ததால் அவர்கள் பதறவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. எந்த இணைப்பைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும் என்று அப்பா தெரிவித்தார். சிறு செலவில் சரியாயிற்று. அந்த அம்மாள் அதே காரில்தான் ஜிப்மருக்குப் போய் வருகிறார்.

தோழியரே, நாளை நீங்களும் கார் வாங்குவீர்கள், விற்பீர்கள். இன்றைய புது விலையில் தொடங்குங்கள், தேய்மானத்தால் வேலி போடுங்கள், சந்தையின் நடு விலையை அறியுங்கள், உங்கள் வண்டிக்குரிய கழிவையும் கூட்டலையும் தனித்தனியே எழுதுங்கள், காகிதங்களைப் பாருங்கள். இறுதியில் ஒரு சோதனை உண்டு. நீங்கள் கணக்குப் போட்ட தாளை அப்படியே எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க முடியுமா? முடியுமானால் அதுவே நியாய விலை. ஏதேனும் ஒரு வரியை மறைத்துத்தான் கொடுக்க முடியுமென்றால், கணக்கு இன்னும் முடியவில்லை என்று அறிந்து கொள்ளுங்கள்.